யாழ்ப்பாணத்து நல்லூர் என்றால் கோயில் மட்டும்தானா? பழைய தலைநகர் எங்கே போனது?

கோயிலைச் சுற்றித்தான் கிடக்கிறது, பார்க்கத்தான் ஆளில்லை. யாழ்ப்பாண அரசை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் இராசதானி இது. கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், மேற்கே வீரமாகாளி, தெற்கே கைலாசநாதர், வடக்கே சட்டநாதர் என நாலு திக்கிலும் காவல் கோயில்கள். இன்றும் அவற்றை வைத்தே பழைய நகரின் எல்லையை மட்டுக்கட்டலாம்.

1619இல் கடைசி அரசன் சங்கிலியன் போர்த்துக்கேயரிடம் பிடிபட்டான். 1621இல் கந்தசுவாமி கோயிலையும் இடித்தார்கள். அது இருந்தது முத்திரைச் சந்தைப் பக்கம். இப்போது அங்கே யாக்கோபு தேவாலயம் நிற்கிறது. நாம் தேர் பார்க்கும் கோயில், 1734இல் குருக்கள் வளவில் எழுந்தது.

மந்திரி மனையை அரசர் காலத்தது என்பார்கள்; கட்டடம் பிந்தியது. எனக்கென்றால் ‘ப’ வடிவ யமுனா ஏரிதான் பிடிக்கும். அரண்மனை இருந்த இடம் என்று சொல்லப்படும் சங்கிலியன் தோப்போடு சேர்த்து, சைக்கிளிலேயே பார்த்துவிடலாம்.