மாமா சொன்ன மெடிசினும் மகன் ஆடும் ரக்பியும்

அக்கா, மாமா சொல்வதுபோல் மகனை மெடிசினுக்கு விடுவதா, அவன் ஆசைப்படும் ரக்பிக்கு விடுவதா என்று கேட்டு போன சனிக்கிழமை அவனோடு வந்தபோது "யோசிக்காதீங்கோ, எல்லாம் சரிவரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்குப் போனபிறகு அது எனக்கே பிடிக்கவில்லை, அதனால் நேராகவே எழுதுகிறேன்.

பயோலஜி எப்படிப் போகுது என்று கேட்டபோது தம்பி நிலத்தைப் பார்த்தான். ரக்பியில் எட்டாம் நம்பருக்கு என்ன வேலை என்றதும் என் மேசையில் கிடந்த பேனைகள், ஸ்டேப்ளர், உங்கள் கார்த் திறப்பு எல்லாவற்றையும் அடுக்கி ஒரு ஸ்க்ரமே, அதுதான் இரண்டு அணியும் தோளோடு தோள் கோர்த்துத் தள்ளும் கூட்டத்தையே, கட்டிக்காட்டினான். கடைசியில் கிடந்த திறப்புதான் அவனாம். இந்தப் பிள்ளையையா ஐந்து வருஷம் மெடிசினில் இருத்தப்போகிறீர்கள்? இரண்டையும் சேர்த்துச் செய்யலாம் என்று மாமா சொல்லும் ரக்பி வீரர் ஜேமி ராபர்ட்ஸ் கதை எனக்கும் தெரியும். வேல்ஸுக்கு 94 மேட்ச் ஆடியவர், கார்டிஃபில் டாக்டருக்கும் படித்தவர், சரி. ஆனால் பட்டம் கைக்கு வர எட்டு வருஷம் போனது, அதுவும் படிப்பு அவருடைய சொந்த ஆசை.

அதற்காக பதினெட்டு வயதிலேயே கிளப் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கச் சொல்லவும் மாட்டேன். 2022இல் வூஸ்டர், வாஸ்ப்ஸ், அடுத்த வருஷம் லண்டன் ஐரிஷ் என்று மூன்று பெரிய ரக்பி கிளப்புகள் காசில்லாமல் விழுந்ததைப் பார்த்தோம்தானே.

உங்களுக்கு ஒருவரும் சொல்லாத வழி யூனி ரக்பி, அதாவது பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஆடுவது. லஃப்பரோ, எக்ஸிட்டர், டரம், கார்டிஃப் மெட் போன்ற யூனிகள் மோதும் பக்ஸ் சூப்பர் ரக்பி என்ற லீக் இருக்கிறது. ஜிம், பிசியோ, வீடியோ போட்டுப் பிழை காட்டும் கோச் எல்லாம் உண்டு, படிப்பும் கூடவே ஓடும். பதினெட்டில் ஒல்லியாக நிற்பவன் இருபத்தொன்றில் வேறு ஆள், அந்த மூன்று வருஷத்தைத்தான் இது வாங்கித் தருகிறது. அலெக்ஸ் டோம்பிரான்ட் கார்டிஃப் மெட்டில் படித்துக்கொண்டே ஆடினார், 2018இல் ஹார்லிகுவின்ஸ் கிளப், 2021இல் இங்கிலாந்து ஜெர்சி. அவரும் எட்டாம் நம்பர்தான், பெயரைச் சொல்லிவிட்டுத் தம்பியின் முகத்தைப் பாருங்கள். ஸ்போர்ட்ஸ் சயன்ஸ் படித்தால், ஆட்டம் கைவிட்டாலும் பட்டம் கையில் இருக்கும்.

காசு விஷயத்தில் நான் கண்டிப்பு. 2025-26இல் வருஷ ஃபீஸ் 9,535 பவுணாக இருந்தது, அதற்கு ஸ்டூடன்ட் லோன் போதும். சம்பளம் 25,000 பவுணைத் தாண்டினால்தான், அதுவும் தாண்டிய தொகையில் 9 வீதம்தான் கட்டவேண்டும். சீட்டு எடுக்காதீர்கள், வீட்டை அடகு வைக்காதீர்கள்.

அப்புறம் தலை. இங்கிலாந்து அணியில் 2003 ரக்பி உலகக் கோப்பை வென்ற ஸ்டீவ் தாம்சனுக்கு 42 வயதிலேயே டிமென்ஷியா என்ற மறதி நோய், அந்த வெற்றியே நினைவில்லை என்கிறார். தலையில் ஒரு அடி பட்டாலும் டாக்டர் சொல்லும்வரை மைதானத்துக்கு விடாதீர்கள், அவன் அழுதாலும்.

மெடிசின் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அக்டோபர் 15. அதைப் பேசாமல் போகவிடுங்கள், ஸ்போர்ட்ஸ் சயன்ஸ் விண்ணப்பத்துக்கு ஜனவரி வரை நேரமிருக்கிறது. மாமாவோடு நான் கதைக்கிறேன்.