பளபளக்கிறது, சரி. ப்ரூஃப்தானா?

கேள்வி: எங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் 1880களில் அடிக்கப்பட்ட ஒரு வெள்ளி நாணயம் கிடைத்தது. முகம் பார்க்கலாம் போல மின்னுகிறது. பார்த்தவர்கள் "இது ப்ரூஃப்", அதாவது புழக்கத்துக்கு அல்லாமல் தனிச்சிறப்பாக அடித்தது, என்கிறார்கள். நாமே எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: மினுமினுப்பை வைத்து முடிவெடுக்காதீர்கள். இருக்கிற சான்றுகளிலேயே பலவீனமானது அதுதான். அச்சையும் (உருவத்தைப் பதிக்கும் உலோகக் கட்டை) வில்லையையும் (உருவம் பதியாத வெறும் உலோகத் தட்டு) மெருகேற்றி, ஒவ்வொரு வில்லையாகக் கையால் வைத்து, கூடுதல் அழுத்தத்தில், பெரும்பாலும் இரண்டு முறை அடித்து எடுப்பதுதான் ப்ரூஃப். நாணயம் இன்றைக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பது வேறு விஷயம். அதனால் கைபட்டுத் தேய்ந்த ப்ரூஃபும் உண்டு, கண்ணாடியாய் மின்னும் புழக்க நாணயமும் உண்டு. புதிதாக மெருகேற்றிய அச்சில் முதலில் விழும் புழக்க நாணயங்கள் அப்படித்தான் இருக்கும். அமெரிக்காவின் பழைய வெள்ளி நாணயமான மார்கன் டாலரில் இவை நிறையவே கிடைக்கின்றன.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று, ஒற்றை விளக்கு ஒன்று, முடிந்தால் அதே வகையில் ஒரு சாதாரண நாணயம் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். குழல்விளக்கு வேண்டாம், ஒளி பரவிவிடும்.

முதலில் விளிம்பு. வேகமாக ஒரே அடியில் அடிக்கும்போது உலோகம் அச்சின் மூலைகளை முழுதாக நிரப்புவதில்லை. விளிம்பு சற்றே உருண்டு நிற்கும். ப்ரூஃபில் விளிம்பின் மேற்பரப்பு தட்டையாக இருக்கும், பக்கச்சுவரோடு ஏறக்குறைய செங்கோணத்தில் சேரும். எழுத்துகளும் அப்படியே: சுவர் செங்குத்து, தலை தட்டை, மூலை கூர்மை. பக்கச்சுவரில் கோடுகள் இருந்தால் அவை மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக ஓடும். முடி, இறகு நுனி போன்ற மிக உயர்ந்த இடங்களைச் சாதாரண நாணயத்தின் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். விளிம்போரம் மெல்லிய கம்பி போல உலோகம் பிதுங்கியிருந்தால் பலர் துள்ளிக் குதிப்பார்கள். அது சில புழக்க நாணயங்களிலும் வரும்.

அடுத்து, விளக்கின் கீழ் நாணயத்தைச் சாய்த்து மெல்லச் சுழற்றுங்கள். மையத்திலிருந்து கிளம்பும் ஒளிப்பட்டைகள் சக்கரக் கம்பிகள் போலச் சுற்றி வந்தால் புழக்க நாணயம் என்று நினைக்கவே காரணம் அதிகம். பல நாணயங்களை அடித்துத் தேய்ந்த அச்சில், உலோகம் ஓடிய தடங்கள் நுண்கோடுகளாகப் பதிவதால் வரும் ஒளி அது. நல்ல ப்ரூஃபின் தளம் (உருவமும் எழுத்தும் இல்லாத வெறும் பரப்பு) முழுக்கக் கறுத்து, ஒரு கோணத்தில் சட்டென முழுக்க வெளுக்கும்.

இனிதான் ஏமாற்றுகிற இடம்: பிற்காலத்தில் யாரோ பாலிஷ் போட்ட நாணயம். தளத்தில் தெரியும் மெல்லிய கோடுகளைப் பாருங்கள். அச்சை மெருகேற்றும்போது அதில் விழும் கீறல் பள்ளம். நாணயத்தில் அதுவே மேடாகப் பதியும். அந்தக் கோடு தளத்தில் மட்டும் ஓடி, எழுத்தின் அடியில் நின்றுவிடும். நாணயத்தைத் தேய்த்ததால் விழுந்த கோடோ பள்ளம்; எழுத்தின் மேலேறித் தாண்டியும் போகும். மேடா பள்ளமா என்று தெரியவில்லையா? விளக்கை அசைக்காமல் பக்கத்திலுள்ள எழுத்தைப் பாருங்கள். எழுத்து மேடு என்பது நமக்குத் தெரியும். கோட்டின் பளிச்சென்ற பக்கமும் எழுத்தின் பளிச்சென்ற பக்கமும் ஒரே திசையில் இருந்தால் கோடும் மேடு. எதிர்த்திசை என்றால் கீறல். பாலிஷ் போட்டதில் எழுத்து மூலைகள் மழுங்கி, உருவமும் தளமும் ஒரே மாதிரி மின்னும். இடுக்குகளில் பாலிஷ் பசை தங்கியிருப்பதும் உண்டு.

எடை பார்ப்பது போலியையும் முலாமையும் பிடிக்க உதவலாம். ஒரே உலோகத்தில் அடித்த ப்ரூஃபுக்கும் புழக்க நாணயத்துக்கும் நிர்ணய எடை ஒன்றே என்பதால் இந்தக் கேள்விக்கு அது பதிலாகாது.

உறுதியான ப்ரூஃப்களின் படங்களோடு ஆண்டு எண்ணின் இடம், அச்சுக் கோடுகள் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது வலுவான சோதனை. ஆனால் ப்ரூஃப் வேலை முடிந்த அச்சை நாணயச்சாலைகள் புழக்க நாணயம் அடிக்கவும் பயன்படுத்தியிருக்கின்றன. அச்சு பொருந்தினால் மட்டும் போதாது, அடியின் கூர்மையும் பொருந்த வேண்டும்.

எப்போதாவது 1895 மார்கன் டாலர் போன்ற ஒன்று கைக்கு வந்தால் இன்னொரு சோதனையும் தேவை. அந்த ஆண்டில் பிலடெல்பியாவில் அடித்த ப்ரூஃப் 880 மட்டுமே. அதே ஆண்டின் நியூ ஆர்லியன்ஸ், சான் பிரான்சிஸ்கோ நாணயங்களில் நாணயச்சாலைக் குறியை (எங்கே அடித்தது என்று காட்டும் சிறு எழுத்து; பிலடெல்பியா நாணயத்தில் அது இல்லை) சுரண்டி எடுத்து, பிலடெல்பியா நாணயம் போலக் காட்டுவார்கள். பின்பக்கத்தில் இலைமாலை உருவத்துக்குக் கீழே தளம் கலைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: மினுமினுப்பே இல்லாத ப்ரூஃப் உண்டா?

பதில்: உண்டு, மேட் ப்ரூஃப். பிரிட்டனின் ஏழாம் எட்வர்ட் 1902 முடிசூட்டுத் தொகுப்பு, அமெரிக்க லிங்கன் சென்ட்டின் 1909–1916 ப்ரூஃப்கள் எல்லாம் இந்த ரகம். இவற்றில் தளம் பொடிமணலாய் மங்கியிருக்கும். விளிம்பும் எழுத்து மூலைகளும்தான் துணை. புகைப்படத்தில் பார்த்துச் சொல்ல முயல வேண்டாம்.

கேள்வி: நாணயம் கறுத்திருக்கிறது. துடைத்துவிட்டுப் பார்க்கலாமா?

பதில்: கூடாது. கண்ணாடித் தளத்தில் மென்துணியே கீறல் போடும். வெள்ளி கழுவும் திரவம் மேற்பரப்பையே அரித்து மங்கவைக்கும். கறுப்பு இருந்தாலும் சோதிக்க முடியும்: 8, 6, 9 எண்களின் வளையத்துக்குள்ளும் எழுத்துகளின் இடுக்கிலும் பழைய கண்ணாடித்தன்மை மிஞ்சியிருக்கும். தேய்ந்த ப்ரூஃபை அடையாளம் காண்பதும் இப்படித்தான். பிவிசி பிளாஸ்டிக் உறையால் பச்சையாகப் பிசுபிசுத்தால் மட்டும், கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோனில் முக்கியெடுங்கள். தேய்க்காதீர்கள், நெருப்பும் பக்கத்தில் வேண்டாம். சந்தேகம் தீரவில்லை என்றால் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற தரச்சான்று நிறுவனத்துக்கு அனுப்பலாம். ப்ரூஃப் என்றால் முன்னவர் 'பிஆர்' என்றும் பின்னவர் 'பிஎஃப்' என்றும் குறிப்பார்கள். 'பிஎல்' என்று வந்தால் மின்னுகிற புழக்க நாணயம் என்று பொருள்.