மிதி ஆர்கனும் உப்புக்காற்றும்

கேள்வி: பாம்பன் பக்கம் எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் பழைய மிதி ஆர்கன் ஒன்று இருக்கிறது. மேலே வரிசையாகக் குழாய்கள். ஏழெட்டுக் கட்டைகள் பேசவில்லை. ஒன்று அழுத்தாமலே கத்துகிறது. எண்ணெய் விடலாமா, குழாய்களைக் கழுவலாமா?

பதில்: எண்ணெய் ஒரு சொட்டுகூட வேண்டாம். குழாய்களையும் தொடாதீர்கள். மிதித்து வாசிக்கும் பெட்டியின் தலையில் நிற்பவை பெரும்பாலும் அலங்காரக் குழாய்கள்தான். பாடுவது உள்ளே இருக்கும் ரீடுகள், அதாவது காற்றில் அதிரும் மெல்லிய பித்தளை நாக்குகள். 1854-ல் பாஸ்டனில் தொடங்கிய மேசன் அண்ட் ஹாம்லின் இந்த வகைக்குப் பேர்போன நிறுவனம்.

பஜனைகளில் கையால் துருத்தி போட்டு வாசிக்கும் ஆர்மோனியம் காற்றை ரீடு வழியே வெளியே தள்ளும். அமெரிக்க ஆர்கன் எனப்படும் இந்த மிதி வகையில் துருத்தி காற்றை உள்ளே இழுக்கும். வினை அங்கேதான். கடற்கரை மணலும் உப்புத் தூசும் அந்தக் காற்றோடு வந்து ரீடின் நூலிழை இடைவெளியில் உட்கார்ந்துவிடும். ஒரு துகள் போதும், ரீடு ஊமையாகிவிடும். தனுஷ்கோடியில் 1964 புயலுக்குத் தப்பிய தேவாலயச் சுவர்களை உப்பு எப்படித் தின்கிறது என்று பார்த்திருப்பீர்கள். பித்தளையும் அதற்குத் தப்பாது, பச்சைக் களிம்பு ஏறும்.

பேசாத ரீடை மட்டும் அதற்கான கொக்கியால் மெதுவாக இழுத்து எடுங்கள். எந்தக் குழியிலிருந்து வந்தது என்று உடனே எழுதிவையுங்கள். இடம் மாறினால் சுதி குழம்பும். மெல்லிய பிரஷால் ரீடின் அடியிலிருந்து நுனியை நோக்கித் தட்டிவிட்டால் பாதிக்கு மேல் அங்கேயே பாடிவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. நுனியில் உலோகம் குறைந்தால் சுதி ஏறும், அடியில் குறைந்தால் இறங்கும். எண்ணெய் விட்டாலோ தூசு பசைபோல ஒட்டிக்கொள்ளும்.

தானாகக் கத்தும் கட்டைக்கு, அதன் கீழே காற்றுவழியை மூடும் அடைப்பானில் குப்பை சிக்கியிருக்கலாம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மரம் உப்பியும் இப்படி ஆகும். அப்படியானால் வாடைக்காற்றின் ஈரம் போகும்வரை பொறுங்கள், செதுக்கிவிடாதீர்கள்.

துருத்தித் துணி கிழிந்திருந்தால் தச்சரிடம் வச்சிரம் (விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் பசை) காய்ச்சி ஒட்டச் சொல்லுங்கள். வெள்ளைப் பசை வேண்டாம். அடுத்த முறை பிரிக்கும்போது மரமும் சேர்ந்து பெயரும்.

பெட்டியைக் கடல் பார்த்த சன்னலிலிருந்து நகர்த்துங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தைப் பூட்டிவைக்கும், பருத்தித் துணி போதும். அப்புறம், திருவிழாவுக்கு மட்டும் திறக்காமல் பூசை இல்லாத நாளிலும் பத்து நிமிடம் எல்லாக் கட்டைகளையும் யாராவது வாசிக்கட்டும்.