பழுப்புத் தண்ணீரும் மொய்னாவும்: கேள்வி பதில்

பொள்ளாச்சி வாசகர்: ஐயா, மீன்குஞ்சுகளுக்கு இரையாக மொய்னா என்ற நுண்ணிய நன்னீர்த் தெள்ளை வளர்க்கிறேன். பாதாம் மரத்துச் சருகு விழுந்து தொட்டித் தண்ணீர் டீ நிறமாகிவிட்டது. மொய்னாவோ முன்பைவிடப் பெருகியிருக்கிறது. சருகா காரணம்?

பதில்: சருகாகவே இருக்கலாம். அது மட்கும்போது தண்ணீரைப் பழுப்பாக்கும் ஹியூமிக் அமிலமும் டானினும் தண்ணீரில் கரைகின்றன. கரைந்ததைத் தின்று பாக்டீரியா பெருக, பாக்டீரியாவை மொய்னா வடிகட்டித் தின்கிறது. இன்னொரு வழியும் உண்டு. ஹியூமிக் பொருளில் ஒரு பகுதி மொய்னாவின் உடலுக்குள்ளேயே புகுந்துவிடும். உடல் அதை வேற்றுப் பொருளாகக் கருதி நச்சுமுறிக்கும் நொதிகளைச் சுரக்கிறது. இந்த இலேசான நெருக்கடியில் சில உயிரினங்கள் கூடுதலாகக் குஞ்சு பொரிக்கின்றன. ஆய்வகத்து உருளைப்புழுக்களிலும் இதைக் கண்டிருக்கிறார்கள். அளவு கூடினாலோ, உயிரினம் மாறினாலோ பலன் தலைகீழாகலாம். எல்லா உயிருக்கும் பொதுவாக ஓர் அளவு சொல்பவர்களை நம்பாதீர்கள்.

ஈரோடு வாசகி: நான் இரண்டு கூடைச் சருகு போட்டேன். மொய்னாவைப் போன்ற இன்னொரு தெள்ளான டாப்னியா வளர்க்கிறேன்; அது சிவந்துவிட்டது, பெருக்கமும் விழுந்துவிட்டது, முதுகில் கறுப்பாக ஏதோ தெரிகிறது. நோயா?

பதில்: நோயல்ல அம்மா, மூச்சுத்திணறல். சருகு அழுகும்போது பாக்டீரியா ஆக்சிஜனைக் குடித்துவிடுகிறது. அதை ஈடுகட்ட டாப்னியா ஹீமோகுளோபினைக் கூட்டுகிறது, அதுதான் சிவப்பு. கறுப்பாகத் தெரிவது முட்டைப்பெட்டி. நல்ல காலத்தில் டாப்னியாவுக்கு ஆணே வேண்டாம். தாய் தன்னைப் போன்ற பெண்களையே ஈன்றுகொண்டிருக்கும். நெரிசல், பசி, பகல்பொழுது குறைதல் என்று காலம் கெட்டால் ஆண்கள் பிறக்கும். அப்போது கருவுற்ற முட்டைகளைத் தாய் அந்தப் பெட்டியில் பூட்டிவைக்கும். பெட்டிக்குப் பெரும்பாலும் இரண்டே முட்டை. உங்கள் பெருக்கம் விழுந்ததற்கு இதுவும் காரணம். சித்திரையில் வெடித்துக் கிடந்த பண்ணைக்குட்டையில் கோடைமழைக்குப் பின் டாப்னியா துள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். அவை அந்த மண்ணில் உறங்கிய முட்டைகள்தாம்! அடிவண்டலைக் கொட்டிவிடாதீர்கள், நிழலில் உலர்த்தி எடுத்துவையுங்கள்.

திருப்பூர் வாசகர்: நொய்யல் ஆற்றிலும் நிறத்தண்ணீர்தானே ஓடியது?

பதில்: இரண்டையும் ஒன்றாக்காதீர்கள். அது செயற்கைச் சாயமும் உப்பும். உப்பு மட்டுமே நன்னீர்த் தெள்ளுகளின் பெருக்கத்தைக் கெடுத்துவிடும்.

கோவை வாசகர்: பாசியை ஒழிக்க மயில்துத்தம் (செம்பு சல்பேட்) போட்டோம். அண்ணன் தொட்டியில் தெளிந்த தண்ணீர், டாப்னியா முழுதும் செத்தது. என் பழுப்புத் தொட்டியில் பிழைத்தது. எப்படி?

பதில்: கரைந்த கரிமப் பொருள் செம்பைப் பற்றிக்கொள்கிறது. கட்டுப்படாமல் திரியும் செம்பு அயனிதான் அதிகம் கொல்லும். உப்பும் சுண்ணாம்பும் குறைந்த தெளிந்த நீரில் லிட்டருக்குச் சில பத்து மைக்ரோகிராமே இளம் டாப்னியாவுக்கு எமன். சருகு காப்பாற்றும் என்று மறுபடி துத்தம் போட்டுவிடாதீர்கள், பாசியை வலையால் அள்ளுங்கள்.