வாசகர் கேள்வி–பதில்: பாலித் தீவுக்குப் போகும் முஸ்லிம் பயணிக்கு

கேள்வி: நானும் கணவரும் மாமியாரை அழைத்துக்கொண்டு முதன்முறையாகப் பாலித் தீவுக்குச் செல்லவிருக்கிறோம். "அது கோயில்கள் நிறைந்த ஊர், திரும்பிய பக்கமெல்லாம் பன்றி இறைச்சி, அங்கே போய் எதைச் சாப்பிடுவீர்கள்?" என்று உறவினர்கள் கேட்கிறார்கள். ஹலால் உணவு கிடைக்குமா?
– வாசகி, காயல்பட்டினம்

பதில்: தாராளமாகக் கிடைக்கும், சகோதரி. ஆனால் கண்ணில் பட்ட கடையில் உட்கார்ந்துவிடக் கூடாது. இந்தோனேசியா முஸ்லிம் பெரும்பான்மை நாடுதான் என்றாலும், பாலியில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் இந்துக்கள். அவர்களுடைய விருந்துகளில் முழுப் பன்றியை மசாலா அடைத்துச் சுடும் 'பாபி குலிங்' தலையாய உணவு. ஆகவே பெயர்ப்பலகையிலோ உணவுப் பட்டியலிலோ 'பாபி' என்ற சொல்லைக் கண்டால், அது பன்றி இறைச்சி என்று அறிந்து விலகிவிடுங்கள். 'லாவார்' என்னும் காய்கறி, தேங்காய்த் துருவல் கலவையில் பன்றி இறைச்சியும் சில வேளைகளில் இரத்தமும் சேர்வதுண்டு என்பதால், பார்வைக்குப் பொரியல் போல இருந்தாலும் விசாரிக்காமல் வாங்காதீர்கள். 'ஆயாம்' என்றால் கோழி, 'இகான்' என்றால் மீன். ஆனால் அவற்றைப் பொரித்த எண்ணெயும் சுட்ட அடுப்பும் எதற்கெல்லாம் பயன்பட்டவை என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

'வாருங் முஸ்லிம்' என்று எழுதியிருக்கும் சிறு உணவகங்களை டென்பசார், கூட்டா பகுதிகளில் எளிதாகக் காணலாம். அவற்றைப் பெரும்பாலும் ஜாவா, லோம்போக் தீவுகளிலிருந்து வந்து குடியேறிய முஸ்லிம்கள் நடத்துகிறார்கள். இவற்றைவிட உங்கள் மாமியாருக்குப் பிடிக்கக்கூடியது சுமத்திரா முஸ்லிம்களின் 'பாடாங்' சாப்பாட்டுக் கடை என்பது என் எண்ணம். கடையின் கண்ணாடி முகப்பில் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோபுரமாக அடுக்கி, தேங்காய்ப்பாலில் சுண்ட வைத்த மாட்டிறைச்சி ரெண்டாங், மஞ்சள் குழம்பில் மிதக்கும் மீன், மரவள்ளிக் கீரை, மிளகாய்ச் சம்பல் எல்லாவற்றையும் காட்சிக்கு வைத்திருப்பார்கள். மொழி தெரியாவிட்டாலும் விரலால் சுட்டிக் காட்டினால் போதும். அரசின் ஹலால் முத்திரை 2022 முதல் ஊதா நிறத்தில் வருகிறது. உலமாப் பேரவையின் பழைய பச்சை வட்ட முத்திரையும் சில இடங்களில் கண்ணில் படக்கூடும்.

கேள்வி: தொழுகைக்கு என்ன வழி? அங்குள்ள மக்கள் முஸ்லிம் பயணிகளை எப்படிப் பார்க்கிறார்கள்?
– வாசகர், கீழக்கரை

பதில்: நுசா துவாவில் 'பூஜா மண்டலா' என்ற வளாகம் இருக்கிறது. அங்கே இப்னு பதூதா பெயரிலான பெரிய பள்ளிவாசலும், கத்தோலிக்கத் தேவாலயமும், புத்த விகாரையும், புராட்டஸ்டன்ட் தேவாலயமும், இந்துக் கோயிலும் ஒரே வரிசையில் அடுத்தடுத்து நிற்கின்றன. தென்பகுதியில் தங்குவோர் ஜும்ஆவுக்கு அங்கே செல்லலாம். மலைப்பகுதியான பெதுகுலில், ஏரிக்குள் நிற்பதுபோல் தோன்றும் புகழ்பெற்ற உலுன் டானு கோயிலுக்கு அருகே, குன்றின்மேல் அல் ஹிதாயா பள்ளிவாசல் இருக்கிறது. சுற்றிலும் முஸ்லிம் குடியிருப்பு என்பதால் மதியச் சாப்பாட்டையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம். இந்தோனேசியர்களும் நம் கடலோர ஊரார் பலரைப் போல ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுவோர் என்பதால், ஜமாஅத்தில் உங்களுக்கு எதுவும் புதிதாகத் தோன்றாது. கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்திருக்கும். தொழுகையைச் சுருக்கிச் சேர்த்துத் தொழும் சலுகை, நீங்கள் ஓரிடத்தில் தங்க நினைக்கும் நாள்களைப் பொறுத்தது. வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள்கள் தங்குவதாக நிய்யத் இருந்தால் ஷாஃபி மத்ஹபில் அந்தச் சலுகை இல்லை. உங்கள் பயணத் திட்டத்தைச் சொல்லி உள்ளூர் ஆலிமிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

மக்களைப் பற்றிய உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. 2002 அக்டோபரில் கூட்டாவில் 202 உயிர்களைப் பறித்த குண்டுவெடிப்பை அந்தத் தீவு மறக்கவில்லை; அந்த இரவில் காயமுற்றோரைத் தூக்கிச் சென்றவர்களில் அப்பகுதி முஸ்லிம்களும் இருந்ததையும் அது மறக்கவில்லை. முஸ்லிம்கள் அங்கே நேற்று வந்தவர்கள் அல்லர். பல நூற்றாண்டுகளுக்கு முன் பாலியை ஆண்ட கெல்கெல் அரசர்கள் காலத்திலிருந்தே குளுங்குங் பகுதியில் முஸ்லிம் குடியிருப்பு உண்டு. வடக்கே பெகயாமான் கிராமத்தில் முஸ்லிம் பிள்ளைகளுக்கும் பாலி வழக்கப்படி வாயான், ஞோமான், கெத்துத் என்று பிறப்பு வரிசைப் பெயரை முன்னே வைத்து, அதன்பின் இஸ்லாமியப் பெயரைச் சேர்க்கிறார்கள். பெருநாளில் முஸ்லிம் வீட்டிலிருந்தும் கலுங்கான் பண்டிகையில் இந்து வீட்டிலிருந்தும் அண்டை வீட்டுக்கு உணவு அனுப்பும் 'ஙெஜோட்' வழக்கம் இன்றும் தொடர்கிறது. அதற்காக முஸ்லிம்கள் சாப்பிடத் தக்கதைத் தனியே எடுத்து வைக்கும் இந்துக் குடும்பங்கள் உண்டு. இதைவிடப் பண்பான அயலார் உறவை நான் அறிந்ததில்லை.

கேள்வி: கோயில்களைப் பார்க்கப் போகலாமா? நாங்கள் கவனிக்க வேண்டியது என்ன?
– வாசகி, வாணியம்பாடி

பதில்: வழிபாட்டில் கலந்துகொள்ளாமல் கட்டடத்தையும் கடலையும் மட்டும் பார்த்து வரப் பலரும் போகிறார்கள், போவதா வேண்டாமா என்பது உங்கள் மனத்தைப் பொறுத்தது. கோயிலுக்குள் சாரோங்கும் இடுப்புக் கச்சையும் கட்ட வேண்டும். பல இடங்களில் வாசலிலேயே தருவார்கள். மாதவிலக்கு நாள்களில் பெண்கள் உள்ளே செல்வதில்லை என்பதையும் மதியுங்கள். திர்த்தா எம்புல் ஊற்றில் நீராடுவது அவர்களுக்கு வழிபாடு. படம் எடுப்பதற்காக நாம் அதில் இறங்குவது நம் மார்க்கத்துக்கும் பொருந்தாது, அவர்களுக்கும் மரியாதையாகாது. கரையில் நின்று பார்த்தால் போதும். காலையில் கடை வாசலிலும் நடைபாதையிலும் உள்ளங்கை அளவு ஓலைத் தட்டில் பூக்களும் புகையும் ஊதுவத்தியுமாகக் காணிக்கை வைத்திருப்பார்கள். மாமியாரோ குழந்தைகளோ உடன் வந்தால், அதைத் தாண்டாமல் சுற்றிப் போகச் சொல்லிக் கொடுங்கள்.

கேள்வி: மார்ச் மாதத்தில் போகலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: 'நியெப்பி' நாள் எது என்று பார்த்துவிட்டுப் பயணச்சீட்டு எடுங்கள். பெரும்பாலும் மார்ச்சில் வரும் அந்த மௌன நாளில் விமான நிலையம் 24 மணி நேரம் மூடப்படும். தெருவில் யாரும் நடமாட முடியாது, இரவில் விளக்கும் வெளியே தெரியக் கூடாது. 2024இல் ரமலானின் முதல் தராவீஹ் அதே இரவில் அமைந்தபோது, பாலி முஸ்லிம்கள் ஒலிபெருக்கி இல்லாமல், அருகிலுள்ள பள்ளிவாசலுக்கு நடந்தே சென்று தொழுதார்கள். நீங்கள் அந்நாளில் அங்கிருக்க நேர்ந்தால், விடுதிச் சமையலறையை மட்டும் நம்பாமல், ஹலால் உணவையும் குடிநீரையும் முந்தைய நாள் மதியத்துக்குள் வாங்கி அறையில் வைத்துக்கொள்ளுங்கள்.