நாகர்கோவிலில் குழாய்த் தண்ணீர் கலங்கலாக வருகிறது, ஆர்.ஓ. வாங்கினால் சரியாகுமா?

வாங்கலாம், ஆனால் அதற்கு முன் அழுக்கு எங்கே சேருகிறது என்று பாருங்கள். முக்கடல் அணையிலிருந்து வருவது மலையடிவாரத்தில் தேங்கும் மழைநீர். அதில் உப்பு குறைவு. ஆர்.ஓ. முக்கியமாக உப்பை எடுக்கத்தான். குளச்சல் பக்கம் கடலோரக் கிணறு கரித்தால் அது வேறு விஷயம். விற்க வருபவர் டி.டி.எஸ். மீட்டரை (நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கருவி) காட்டிப் பயமுறுத்தினால் அசராதீர்கள். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் உப்புக்காக ஆர்.ஓ. தேவையில்லை, கிருமி இருக்கிறதா என்பதை அந்த மீட்டர் சொல்லவும் சொல்லாது.

தெருக்குழாயில் ஒரு கண்ணாடி டம்ளர், சம்பில் ஒன்று, மாடித் தொட்டிக் குழாயில் ஒன்று பிடித்து இரவு முழுக்க வையுங்கள். தெருக்குழாய் நீர் தெளிவாகவும் மாடி நீர் கலங்கலாகவும் இருந்தால் கோளாறு உங்கள் வீட்டில். பிடிக்கும்போதே செம்மை என்றால் பெரும்பாலும் பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயின் துரு. தெளிவாகப் பிடித்தது மறுநாள் சிவந்தால், கரைந்த இரும்பு. கிணற்று நீரில்தான் இது சகஜம்.

இந்த மாவட்டத்தில் பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. கிணற்று மோட்டார் குழாயையும் தெருக்குழாயையும் ஒரே இடத்தில் இணைத்துவிடுவார்கள். நடுவில் நீரை ஒரு பக்கம் மட்டுமே விடும் நான்-ரிட்டர்ன் வால்வு இல்லாவிட்டால், தெருவில் அழுத்தம் இறங்கியதும் கிணற்று நீர் பொதுக்குழாய்க்குள் திரும்பிப் போகும். தெருக்குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது அதைவிட மோசம்: குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, விரிசல் வழியே பக்கத்துச் சாக்கடை உள்ளே இழுபடும். தண்ணீர் விடும் முதல் சில நிமிடங்களில் நாற்றம் வந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

மாடித் தொட்டியைத் தேய்த்துக் கழுவி நிரப்பியபின், 1,000 லிட்டருக்கு 200 கிராம் பிளீச்சிங் பவுடர். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். எல்லாக் குழாயையும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடி, 12 மணி நேரம் விட்டு முழுவதும் வெளியேற்றுங்கள். அதைக் குடிக்கக் கூடாது. கிணற்றுக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் போதும். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, நீர் ஆழத்தாலும் 785-ஆலும் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 2 மீட்டர் விட்டம், 3 மீட்டர் நீர் என்றால் 9,420 லிட்டர், சுமார் 24 கிராம். மாலையில் போட்டு மறுநாள் இறையுங்கள். பை பிரித்து மாதக்கணக்காகக் கிடந்த பவுடரில் வீரியம் இருக்காது.

ஆய்வகத்துக்குக் கொடுப்பதானால், கிருமிச் சோதனைக்குக் குளிர்பான பாட்டில் வேண்டாம். ஆய்வகமே தரும் கிருமி நீக்கிய பாட்டிலில் குளோரினை முறிக்கும் மருந்து இருக்கும். அதைக் கழுவாமல் பிடித்து, ஐஸில் வைத்து அன்றே சேர்த்துவிடுங்கள். 100 மில்லியில் மலக்கலப்பைக் காட்டும் ஈ.கோலி கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால், தீர்வு வரும்வரை நன்றாகக் கொதிக்க ஆரம்பித்தபின் ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டுக் குடியுங்கள்.

தெருக்குழாயிலேயே கோளாறு என்றால் நான்கைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து, தண்ணீர் விட்ட நேரம், கதவு எண், ஆய்வக அறிக்கை நகலுடன் மாநகராட்சியில் எழுதிக் கொடுங்கள். அசையாவிட்டால் முதல்வரின் உதவி எண் 1100-க்குப் பேசுங்கள். ஊராட்சிப் பகுதியானால் கிராம சபையில் தீர்மானமாகவே எழுத வையுங்கள். 'தண்ணி மோசமா வருது' என்று பொதுவாகச் சொன்னால் எந்த வால்வைத் தேடுவது என்று அவர்களுக்கும் தெரியாது.