அம்மாயி கைப்பக்குவத்தைப் பாக்கெட்டில் போட: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையில் என் அம்மாயி செய்துவந்த கொள்ளுப் பொடியும் மோர் மிளகாயும்தான் இன்று என் தொழில். சமையலறையில் இருக்கும் சாமான் தவிர வேறு எதுவும் சேர்ப்பதில்லை. அதே வழியில் தொடங்க நினைக்கும் நம் எல்லையோரத்துச் சொந்தங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

வேலந்தாவளத்திலிருந்து: அக்கா, அம்மா செய்யும் பருப்புப் பொடி வீட்டு டப்பாவில் நன்றாக இருக்கிறது. பாக்கெட் போட்டுக் கடையில் வைத்தால் சீக்கிரமே சிக்கு வாடை வருகிறது. பிரிசர்வேட்டிவ் போட்டால்தான் தீருமா?

வேண்டாம் தம்பி. பென்சோயேட் மாதிரியானவை பூசணத்தைத் தடுக்கத்தான். சிக்கு வாடை வேறு சங்கதி. கொப்பரை, எள், நிலக்கடலை இதிலெல்லாம் உள்ள எண்ணெய் காற்றும் வெளிச்சமும் பட்டுக் கெடுகிறது. அம்மாவின் டப்பா இருட்டில் மூடி இருந்தது. உங்கள் பாக்கெட் கண்ணாடிக் கவரில் கடை வாசலில் தொங்குகிறது. அலுமினியப் படலம் உள்ள கவருக்கு மாறுங்கள். கொப்பரை சேர்த்த பொடிக்குத் தனியாகக் குறைந்த நாள் போடுங்கள்.

அப்புறம் ஈரம். கறிவேப்பிலை கசக்கினால் தூளாக நொறுங்க வேண்டும். வளைந்தால் இன்னும் வறுக்க வேண்டும். கல்லுப்பையும் வெறும் சட்டியில் வறுத்துப் போடுங்கள். அரைக்கும்போது பொடி சூடேறும். அதைத் தாம்பாளத்தில் பரப்பி நன்றாக ஆறவிட்டுத்தான் அடைக்க வேண்டும். சூட்டோடு அடைத்தால் கவர் உள்ளே வியர்க்கும், பொடி கட்டி தட்டும், பிறகு பூசணம் வரும். எத்தனை நாள் தாங்கும் என்பதை ஊகத்தில் அச்சடிக்காதீர்கள். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். மைசூரு சி.எஃப்.டி.ஆர்.ஐ., தஞ்சாவூர் நிஃப்டெம் என்ற மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனங்கள் இரண்டிலும் தொழில்முனைவோருக்கு வழிகாட்டுகிறார்கள்.

பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து: என் மாமியார் எல்லாமே கைப்பிடிக் கணக்கில்தான் போடுவார். அளவு கேட்டால் கோபப்படுகிறார்.

கேட்காதீர்கள் கண்ணு. தராசைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சாமானையும் ஒரு கிண்ணத்தில் எடை போட்டு அவர் முன்னால் வையுங்கள். அவர் தன் கையால் எடுத்துப் போடட்டும். மிச்சத்தை மறுபடி எடை போடுங்கள். குறைந்ததுதான் அவருடைய அளவு. இதைச் சில தடவை செய்தால் கொள்ளும் சீரகமும் பெரிதாக மாறாது, மிளகாய் மட்டும் ஏறி இறங்கும் என்று தெரியும். மிளகாயின் காரம் பார்த்து அவர் கை தானாகக் கூட்டிக் குறைக்கிறது. ஆகவே மிளகாயை எடையில் மட்டும் நம்பாமல், புது மூட்டை வரும்போதெல்லாம் அவர் நாக்கில் ஒரு தடவை ருசி பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய் விடாமல் வறுக்கும் பொருளுக்கு வறுத்தபின் எடையையும் எழுதுங்கள். அடுப்பிலிருந்து எப்போது இறக்குகிறார் என்பதும் அந்த எடையிலேயே வந்துவிடும்.

வண்ணாமடையிலிருந்து: ‘கலப்படமில்லாத வீட்டுத் தயாரிப்பு’ என்று லேபிளில் போடலாமா?

‘வீட்டுத் தயாரிப்பு’ என்பதைப் போடாதீர்கள். வாங்குபவரைத் தவறாக எண்ண வைக்கும் அப்படிப்பட்ட சொற்களை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விளம்பர விதிகள் தடுக்கின்றன. அதைவிட முக்கியம், சேர்மானப் பட்டியல். எடை அதிகமுள்ளதிலிருந்து குறைந்ததுவரை வரிசையாக எழுத வேண்டும். ‘நான் எதையும் சேர்ப்பதில்லை’ என்று சொல்வதற்கு முன் நீங்கள் வாங்கும் பொட்டலங்களைத் திருப்பிப் பாருங்கள். கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அதில் மைதா அல்லது அரிசி மாவும் கருவேலம் பிசினும் இருக்கும். மைதா இருந்தால் கோதுமை என்று லேபிளில் சொல்லியே ஆக வேண்டும், கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை நம்பித்தான் வாங்குகிறார்கள். தூள் உப்பில் கட்டி தட்டாமலிருக்க ஒரு பொருள் சேர்த்திருப்பார்கள். நான் அயோடின் சேர்த்த கல்லுப்பும், அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் தேடி வாங்குகிறேன்.

கொல்லங்கோட்டிலிருந்து: லைசென்ஸ்?

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். சிறு அளவில் செய்பவருக்குப் பதிவு போதும், விற்பனை வளர்ந்தால் உரிமம். கிடைக்கும் 14 இலக்க எண்ணை ஒவ்வொரு பாக்கெட்டிலும் போட வேண்டும்.

மீனாட்சிபுரத்திலிருந்து: மோர் மிளகாய்க்கு ஆண்டு முழுக்க ஆர்டர் வருகிறது. மழையில் எப்படிக் காயவைப்பது?

மழையில் வெயிலை நம்பிப் போடவே போடாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வறட்சியாக அடிக்கும் தை முதல் பங்குனி வரைதான் நமக்குப் பருவம். ராத்திரி உப்புத் தயிரில் ஊறி, பகலில் காய்ந்து, தயிர் முழுக்க ஏறும்வரை மாறி மாறிப் போக வேண்டும். கடைசியில் ஒடித்தால் மளுக்கென்று முறிய வேண்டும். காம்புக்குக் கீழேதான் ஈரம் ஒளிந்திருக்கும். அங்கே கீறிப் பாருங்கள். சரியாகக் காயாத மிளகாயில் பிடிக்கும் பூசணம் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும், வறுத்தாலும் பொரித்தாலும் அது முழுதாகப் போகாது. ஒன்றில் பூசணம் கண்டால் அந்தத் தட்டையே கொட்டிவிடுங்கள், மனசு வலித்தாலும். ஆண்டு முழுக்கத் தர வேண்டுமென்றால் மின் உலர்த்தி வாங்குங்கள். இல்லையா, ‘இருப்பு தீர்ந்தது, தையில் கிடைக்கும்’ என்று சொல்லுங்கள். நான் அப்படித்தான் சொல்கிறேன், காத்திருந்து வாங்குகிறார்கள்.

நெம்மாராவிலிருந்து: லேபிள் தமிழில் மட்டும் இருந்தால் போதுமா?

போதாது. ஆங்கிலம் அல்லது இந்தி கட்டாயம். தமிழும் மலையாளமும் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். நம் பக்கம் இரண்டும் வேண்டும்.

கோவிந்தாபுரத்திலிருந்து: கடைக்காரர் ‘விலை அதிகம், பக்கத்துப் பாக்கெட் பாதி விலை’ என்கிறார். என்ன செய்ய?

பொட்டுக்கடலையைக் கூட்டி விலையை இறக்க மட்டும் நினைக்காதீர்கள். முதல் வாய் சோற்றிலேயே ஆட்களுக்குத் தெரிந்துவிடும். 50 கிராம் பாக்கெட் போடுங்கள், கைக்கு அடங்கும் விலையில் ஒரு தடவை வாங்கிப் பார்க்கட்டும். கடைக்காரர் வீட்டுக்கும் ஒன்று கொடுத்தனுப்புங்கள்.